ஐந்தாவது பெயர்

துறையூர்
3.2.2025

அன்புள்ள ரெங்கா,

நலம்தானே? முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவாய். சுபாவிடம் கொடுத்தனுப்பினால் பஸ்ஸிலேயே பிரித்துப் படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

உன் கூடைப்பந்து அணியில் அவளைச் சேர்த்தபோது, "என் பொண்ணுன்னு பார்க்காதே, தப்பு பண்ணா திட்டு" என்று நானேதான் சொன்னேன். அதற்காக ஆறு ஆட்டத்திலும் பெஞ்சிலா உட்கார வைப்பாய்? பதினாறாம் தேதி இறுதி ஆட்டத்துக்கு, ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்களாம். இடைவேளை வரைதான் இருப்பார்களாம், அப்புறம் ரயில். அணியில் எடுத்தால் கிடைக்கும் அந்த வங்கி வேலை கிடைக்காவிட்டால் அவள் அப்பா வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார். முதல் ஐந்து பேரில் அவளை இறக்கு. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

உன்
மலர்க்கொடி

ஸ்ரீரங்கம்
6.2.2025

அன்பு மலர்,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

எங்கள் அணியிலேயே வேகக்காரி சுபாதான். எதிரணிப் பெண்கள் முதல் பத்து நிமிடம் ஓடிக் களைத்த பிறகு அவளை இறக்கினால் அவர்களால் பிடிக்க முடிவதில்லை. ஆறு ஆட்டத்தையும் அப்படித்தான் ஜெயித்தோம். தொடக்கத்திலேயே இறக்கினால், கடைசியில் அவள் தேவைப்படும்போது அவளுக்கே மூச்சு வாங்கும். தொடக்கத்துக்கு உயரமான நஸ்ரின்தான் சரி. பெஞ்சில் இருப்பது தண்டனை இல்லை, மலர். நீயும் அப்படி ஆடியவள்தானே?

அன்புடன்
ரெங்கநாயகி

துறையூர்
10.2.2025

ரெங்கா,

ஆமாம், ஆடியவள்தான். கல்லூரியில் மூன்று வருஷமும் ஆறாவது ஆளாகவே ஆடினேன். அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

தொண்ணூற்றெட்டில் அந்தத் தேர்வு ஆட்டம். நன்றாக ஆடுகிற ஒருத்திக்குத்தான் மாநில அணியில் இடம். நம் கோச் சார், கேப்டனான உன்னைக் கூப்பிட்டு, "நாலு பேர் முடிவாயிடுச்சு, அஞ்சாவது யாருன்னு நீயே சொல்லும்மா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நீ செசிலி பெயரைச் சொன்னாய். அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறவள் இல்லை, அது உனக்கும் தெரியும். மாநில அணிக்கு நீ போனாய். எனக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது.

இருபத்தேழு வருஷமாக ஏன் என்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயரைச் சரியாக எழுது.

மலர்க்கொடி

ஸ்ரீரங்கம்
17.2.2025

அன்பு மலர்,

நேற்று ஜெயித்துவிட்டோம், மூன்று புள்ளியில். நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஸ்கோர் ஷீட்டில் ஐந்து பெயருக்கு நேரே குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நாலு குறி போட்டேன். ஐந்தாவதற்குக் கை ஓடவில்லை. உன் கடிதம் கைப்பையில் இருந்தது. "மேடம், நேரமாச்சு, போடுங்க" என்று மேசையில் இருந்தவர் அவசரப்படுத்தினார். மைதானத்தில் என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிடும் சுபா பக்கத்தில் வந்து, "அத்தை, இன்னும் என்ன யோசிக்கிறீங்க?" என்றாள்.

நஸ்ரின் பெயருக்குக் குறி போட்டேன்.

வங்கிக்காரர்கள் சுபாவை ஏழு நிமிடம்தான் பார்த்தார்கள். நஸ்ரின் பெயரை எழுதிக்கொண்டு இடைவேளையில் கிளம்பிவிட்டார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சுபா போட்ட பதினான்கு புள்ளியை அவர்கள் பார்க்கவில்லை. அதில்தான் ஜெயித்தோம்.

அன்றைக்குச் செசிலி பெயரைச் சொன்னதற்குக் காரணம் ஆட்டம் இல்லை. நீ இறங்கினால் அந்த ஒரு இடம் உனக்குத்தான் போகும் என்று பயந்தேன். பொறாமைதான், மலர். நேற்று அப்படி இல்லை, சத்தியமாக ஆட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். அன்று செய்த தப்புக்காக நேற்று இன்னொரு தப்பைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. என்னை மன்னித்துவிடு. ஒரு வரியாவது எழுது.

என்றும் உன்
ரெங்கா

துறையூர்
24.2.2025

ரெங்கா,

நஸ்ரினின் அண்ணன் எடுத்த வீடியோவை சுபா காட்டினாள். இரண்டு தடவை பார்த்தேன். நானாக இருந்தாலும் நஸ்ரினைத்தான் இறக்கியிருப்பேன்.

செசிலியின் அப்பா அந்த மாதம்தான் இறந்திருந்தார். அந்தப் பெண் மேல் இரக்கப்பட்டுத்தான் நீ அவள் பெயரைச் சொன்னாய் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உன்னோடு பழகினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டுக்கு வந்தேன், பிள்ளையை உன்னிடம் விட்டேன். இப்போது அந்தக் காரணமும் இல்லை.

வரன் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போட வைத்திருக்கிறேன். சுபா பயிற்சிக்கு வருவாள், நன்றாகச் சொல்லிக்கொடு. உன் முட்டியை டாக்டரிடம் காட்டு.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

மலர்க்கொடி