மூச்சுக்குப் பக்கத்தில வைக்கக்கூடாத வெளிச்சம்

மார்ச் 21, திங்கள்

வெயில். காத்து அசையேல்ல. கந்தோரில வேலை முடிஞ்சு வரும்போது கொட்டாஞ்சேனையில ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினன். மெழுகுதிரி இல்லை. கடைசிக் கடையில, “இட்டிபந்தம் நே, மிஸ்” எண்டு கையை விரிச்சவன் தன்ட கல்லாவுக்குப் பக்கத்தில ஒண்டு கொளுத்தி வைச்சிருந்தான். கேக்க வெக்கம். வந்திட்டன்.

கோயில் கூட்டிற அண்ணை ஒரு பை தந்தார். மாதா கெபியடியில எரிஞ்சு மிஞ்சின துண்டுகள். “சாம்பல் கிடக்கும், வடிச்செடுங்கோ பிள்ளை.”

மீன் டின் கழுவி, துண்டுகளைப் போட்டு, தண்ணிச் சட்டிக்குள்ள டின்னை இறக்கி உருக்கினன். காஸ் எப்ப நிக்குமோ எண்ட பயத்தோட. திரிக்கு இவரின்ட பழைய பனியன். கிழிச்சு, முறுக்கி, ஈர்க்கில கட்டி டின்னுக்கு நடுவில தொங்கவிட்டன்.

முதலாவது: திரி தடிப்பு. ஒரே புகை.
அடுத்தது: மெல்லிசு. மெழுகுக்குள்ள தாண்டு போச்சு.
பிறகு சரி. நல்லா எரிஞ்சுது.

இவர் கட்டில்ல சாய்ஞ்சு பாத்துக்கொண்டு இருந்தார். “ஜெசி... நீ இனி... கொம்பனி துடங்கலாம்.” ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கி.

கொரோனா வந்து போனதில இருந்து இவரின்ட நெஞ்சு பழையபடி வரேல்ல. துறைமுகத்தில மூட்டை தூக்கின மனுசன். இப்ப கட்டில், ஒக்சிசன் மெசின், மூக்கில குழாய். கரண்ட் போனா மெசின் நீட்டாக் கூவி நிக்கும். உடனே குழாயைச் சிலிண்டருக்கு மாத்தவேணும். இருட்டில மாத்த ஏலாது. அதுக்குத்தான் இந்த வெளிச்சம்.

மார்ச் 22, செவ்வாய்

பின்னேரம் கரண்ட் கட். டின்னை இவரின்ட தலைமாட்டு ஸ்டூல்ல வைச்சன். அடி சுட்டு ஸ்டூல்ல வட்டமாத் தழும்பு. நாளைக்குக் கீழ மண் போட்ட தட்டு வைக்கவேணும்.

தள்ளி வைக்கட்டோ எண்டு கேட்டன். வேண்டாமாம். முந்தி ஒருநாளும் சொல்லாததை இண்டைக்குச் சொன்னார். கொரோனா வார்டில பக்கத்துக் கட்டில் மனுசன் லைட் இல்லாத நேரம் போயிட்டாராம். லைட் வந்த பிறகுதான் ஆக்கள் கண்டவையாம்.

“இருட்டில மூச்சு நிண்டு போனா... உனக்குத் தெரியாது ஜெசி.”

விசர்க்கதை கதைக்காதேங்கோ எண்டன். டின்னை இன்னும் கிட்டத் தள்ளி வைச்சன்.

பருப்பு முடிஞ்சுது. சவுக்காரமும்.

மார்ச் 24, வியாழன்

எழுத்து கோணல்.

கட் வந்துது. சிலிண்டருக்கு மாத்தி, டின்னைக் கொளுத்தி வைச்சிட்டு பாண் எடுக்கக் குசினிக்குப் போனன். இவர் திரும்பிப் படுத்திருக்கிறார். மூக்கில இருந்த குழாய் கழண்டு தலையணையில விழுந்திட்டுது. குழாயின்ட வாய் ஸ்டூல் பக்கம், ஒக்சிசன் சுடருக்கு நேர. நான் வாசலுக்கு வரேக்க ‘ஸ்ஸ்’ எண்டு ஒரு சத்தம். சுடர் வெள்ளையாய் முழ நீளத்துக்கு எழும்பிச்சுது. அப்பிடி ஒரு வெளிச்சத்தை அந்த அறையில நான் கண்டதில்லை. தலையணை ஓரம் பத்திச்சுது.

பாண் எங்க விழுந்துதோ தெரியாது. வெறுங்கையால அடிச்சன். டின்னைத் தட்டிவிட்டன். மெழுகு முழுக்க நிலத்தில. இருட்டு. சிலிண்டரைத் தடவிப் பூட்டினன். இவர் இருமுறார். எரிஞ்ச பஞ்சு மணம்.

முன் வீட்டுச் சமந்தி போன் வெளிச்சத்தோட ஓடி வந்தா. “மொகத அக்கே? மொகத உனே?” என்ன நடந்தது எண்டு அவ கேக்கக் கேக்க, நான் தலையணையைக் காட்டினன். அவ என்ர கையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள வைச்சா.

உள்ளங்கையில கொப்புளம். இவரின்ட காதுக்கு மேல கொஞ்ச மயிர் பொசுங்கியிருக்கு. அவ்வளவுதான். மாதாவே, அவ்வளவுதான்.

சிலிண்டரில படம் போட்டிருக்கு. நெருப்புக்குக் குறுக்குக் கோடு. ஒவ்வொரு நாளும் தொடுற சிலிண்டர்.

மார்ச் 25, வெள்ளி

கந்தோருக்குப் போகேல்ல. கையால டைப் அடிக்க ஏலாது.

அறைக்குள்ள இனி நெருப்பு இல்லை எண்டு சொல்லிப்போட்டன். இவர் முகத்தைத் திருப்பினார். பின்னேரம் கட் வந்ததும் கெஞ்சத் துடங்கினார். “ஒண்டு மட்டும். தூர வை. அலுமாரிக்கு மேல வை.” நான் மாட்டன் எண்டன். “அப்ப நான் இருட்டில சாகட்டோ?” எண்டு கத்தினார். கத்த மூச்சில்லை, பாதியில நிண்டுது. நானும் கத்தினன். “எரிஞ்சு சாகலாமோ?”

பிறகு இருட்டுக்குள்ள கட்டில் விளிம்பில இருந்து இவரின்ட நெஞ்சில கையை வைச்சிருந்தன். புண்பட்ட கை. ஏறுது, இறங்குது. கொஞ்சம் சுணங்கினாலும் கையை அழுத்துவன். இவர் என்ர மணிக்கட்டில விரலால தட்டினார். “தட்டினா... இருக்கிறன்.” அதுதான் சமாதானம்.

மார்ச் 26, சனி

சமந்தி ஒரு வழி சொன்னா. இவரின்ட அறைக்குப் பொது விறாந்தைப் பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல். அதை இறுக்கிப் பூட்டி, வெளியால வைச்சா என்ன?

விறாந்தைத் திண்ணையில வரிசையா வைச்சம். என்ர மெழுகு டின்கள். அவ வேற மாதிரிச் செய்தா. கிளாசில பாதித் தண்ணி, மேல கொஞ்சம் தேங்காயெண்ணெய், தக்கைத் துண்டில குத்தின திரி மிதக்கும். விழுந்தாலும் தண்ணி அணைச்சிடும் எண்டா. என்ரதை விட அதுதான் நல்லம்.

உள்ளுக்குள்ள மங்கல் வெளிச்சம். இவரின்ட மூக்கு, தாடை, நெஞ்சு தெரியுது. போதும். ஜன்னல் பூட்டினதால அறை அவியுது. பைல் மட்டையால விசிறினன். சமந்தி வெளியால கதிரை போட்டு விளக்குக்குக் காவல். அவவின்ட மனுசன் ரஞ்சித், ஓட்டோக்காரன். பெற்றோல் வரிசையில நிண்டிட்டு வந்து சுவரில சாய்ஞ்சபடியே நித்திரை.

இவர் சிரிச்சார். “பெருநாள் மாதிரி இருக்கு.”

மார்ச் 28, திங்கள்

ஆஸ்பத்திரி வாங்கில இருந்து எழுதுறன். எழுதாட்டி அழுதிடுவன்.

மத்தியானமே கரண்ட் போச்சுது. வாற நேரத்துக்கு வரேல்ல. சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்திட்டுது. சிலிண்டர் கொம்பனிக்குப் போன் அடிச்சன். லொறி டீசல் வரிசையில நிக்குதாம். அம்புலன்சுக்கு அடிச்சன், அடிச்சன், லைன் கிடைக்கேல்ல. பொழுது பட்டுது. முள்ளு அடியில விழுந்துது. குழாயில காத்து வரேல்ல.

சமந்தியின்ட கதவைத் தட்டினன். எனக்குச் சிங்களமும் வரேல்ல, தமிழும் வரேல்ல. ரஞ்சித் என்ர முகத்தைப் பாத்தான். “யமு அக்கே,” போவம் எண்டு எழும்பினான். நேற்று முழுக்க நிண்டு அடிச்ச பெற்றோல். பிழைப்புக்கு வைச்சிருந்தது.

நாங்கள் இருக்கிறது மூண்டாம் மாடி. இவரைப் பிளாஸ்டிக் கதிரையில இருத்தி, ரஞ்சித் முன்னுக்கு, கீழ் வீட்டுப் பெடியன்கள் ரெண்டு பேர் பின்னுக்கு. படியில கண் தெரியேல்ல. சமந்தி ஒவ்வொரு கதவா இடிச்சுக்கொண்டு ஓடினா. ஆக்கள் கையில கிடைச்சதோட வெளியால வந்தினம். டின், கிளாஸ், சிரட்டை விளக்கு.

“தள்ளி நில்லுங்கோ! நெருப்பைத் தள்ளிப் பிடியுங்கோ!” கத்திப்போட்டன். பிறகுதான் நினைவு வந்துது. சிலிண்டர் வெறும். மேலயே விட்டிட்டு வந்தாச்சு.

“இல்லை, கிட்ட வாங்கோ. கிட்டப் பிடியுங்கோ.”

வெளிச்சத்தில இவரைப் பாத்தன். சொண்டு நீலம். மணிக்கட்டில தட்டிக்கொண்டு வந்த விரல் ரெண்டாம் மாடி வளைவில நிண்டிட்டுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். கலியாணம் கட்டி இவ்வளவு காலம், ஆக்களுக்கு முன்னால பேர் சொன்னதில்லை. “அன்ரன்! அன்ரன்!” ரஞ்சித், “நிக்க வேணாம் அக்கே, வாங்க, வாங்க.”

ஓட்டோவில என்ர மடியில தலை. றோட்டு முழுக்க இருட்டு. ஒரு சிக்னலும் இல்லை. ரஞ்சித் ஹோர்னைக் கையெடுக்காமல் அமத்தினான். மூக்குக்குக் கீழ விரல் வைச்சுப் பாத்தன். காத்து என்ரயோ, இவரின்டயோ, ஓட்டோவுக்குள்ள அடிச்சதோ, தெரியேல்ல.

வாசலில ஜெனரேட்டர் சத்தம் கேட்டுது. இவருக்கு ஒக்சிசன் மாஸ்க் போட்டு உள்ள கொண்டு போனவை. கதவைச் சாத்திப்போட்டினம்.

மார்ச் 29, செவ்வாய்

இருக்கிறார்.

காலமை நர்ஸ் வந்து சொன்னா. கொஞ்சம் பிந்தியிருந்தா எண்டு துடங்கினா, என்னைப் பாத்து நிப்பாட்டிட்டா. எப்ப இவரை வீட்டுக்கு விடுவீங்கள் எண்டு டொக்டரைக் கேட்டன். “வீட்டில கரண்ட் இருக்கா?” எண்டு அவர் திருப்பிக் கேட்டார்.

ரஞ்சித் திரும்பவும் வரிசைக்குப் போயிட்டான். நன்றி கேக்க அவன் நிக்கேல்ல.

பாக்கிற நேரத்துக்கு உள்ள விட்டினம். மாஸ்க்கை விலத்தி இவர் சொன்ன முதல் கதை முறைப்பாடு. “இங்க லைட்... நூர்க்கிறேல்ல ஜெசி. கண் மூட... ஏலாமல் கிடக்கு.” மேல பாத்தன். நேர் தலைக்கு மேல நீட்டு பல்ப், அணைக்காமல் எரிஞ்சு கண்ணைக் குத்துது.

சிரிப்பு வந்து, அழுகையாப் போச்சு.

சீலைத் தலைப்பை மடிச்சு இவரின்ட கண்ணுக்கு மேல போட்டன். “பயமில்லையோ?” எண்டு கேட்டன். “நீ பாக்கிறாய்தானே,” எண்டார். கொஞ்ச நேரத்தில நித்திரை. விரல் தட்டேல்ல. நெஞ்சு ஏறி இறங்கிறது நல்லாத் தெரியுது.

வெளியால போகச் சொல்லி மணி அடிச்சிட்டினம். நர்ஸ் ரெண்டு தரம் பாத்தா. நான் எழும்பேல்ல.