ஒட்டுப் போட்ட வள்ளம்

பேசாலை,
மார்கழி 1974

அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு,

உடம்பளவில் நாங்கள் சுகம். லண்டன் குளிரிலும் ஆசுப்பத்திரி வேலையிலும் நீ நலமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. வாடைக்காற்றில் கூரைக் கிடுகு பறந்தது, கட்டியாயிற்று. உன் அறையில் மாட்ட நம் கரையைப் படமாகக் கீறி அனுப்பச் சொல்லியிருந்தாய். அது இந்தக் கடிதத்தோடு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதிய பாடத்திட்டம் வந்தபின் சித்திர வகுப்பை நான் சுவருக்குள் வைத்திருப்பதில்லை என்று முன்பே எழுதினேன். ஐப்பசியில் ஆறாம் வகுப்பைக் கரைக்குக் கூட்டிப்போனேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் றஹீமா ரீச்சரும் வந்தார். கரையில் கிடந்ததில் ஆளுக்கொரு வள்ளம். என் பாடத்துக்கு அதைக் கீற வேண்டும். அவருடைய பாடத்துக்கு எந்த மரம் மிதக்கும், எது தாழும் என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழுக்கு அந்த வள்ளமே பேசுவதாக ஒரு கட்டுரை. பஸ்ரியனின் மகள் றோஸ்மேரியை உனக்குத் தெரியும், சின்னதில் பூசை நேரம் உன் மடியில் நித்திரை கொண்டவள். தகப்பனின் வள்ளத்தைக் கீறினாள். பின்பக்கம் பலகை வெடித்த இடத்தில் பஸ்ரியன் அன்றுதான் ஒரு தகரத்துண்டை அடித்திருந்தான். அதை விட்டுவிட்டாள். ஏன் பிள்ளை என்றேன். வடிவில்லை மாஸ்ரர், பெட்டையள் சிரிப்பாளவை என்றாள். இருக்கிறதைக் கீறு, வடிவு பிறகு வரும் என்றேன். கீறினாள். கோணல் தகரம், மடிந்த ஒரு மூலை, ஒவ்வொரு ஆணியும். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியன் எட்டிப் பார்த்து, மாஸ்ரர் என்ர மானத்தைப் பள்ளிக்கூடச் சுவரில தொங்கவிடப் போறியளோ என்று சிரித்தான். தொங்கவிட்டேன்.

வாடை தொடங்கிய கிழமை அவன் தனியாகக் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. தேடப் போன வள்ளங்கள் வெறுமனே வந்தன. பிறகு தலைமன்னார்க் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது, தகர ஒட்டோடு. கொண்டுவந்து கோயில் முற்றத்தில் சாக்கால் மூடி வைத்தார்கள். சிலர் அவனுடையது என்றார்கள், சிலர் இந்தியப் பக்கத்துப் பலகை என்றார்கள். அவன் பெண்சாதி றோசம்மா கிட்டவும் போகவில்லை. இப்பிடி ஒட்டு எத்தினை வள்ளத்தில கிடக்கு, அந்த மனிசன் இராமேஸ்வரத்தில கரை பிடிச்சிருக்கும், நான் சோறு போட்டு மூடி வைச்சிருக்கிறன் என்றாளாம். கடலில் போனவனின் சாவு நிச்சயமாகாமல் நம் கோயிலில் துக்கமணி அடிப்பதில்லை, பூசை ஒப்புக்கொடுப்பதில்லை. பங்குச் சுவாமிக்கு என் வகுப்புச் சுவர் ஞாபகம் வந்தது. அந்தப் படத்தைக் கொண்டு வாங்கோ மாஸ்ரர், ஒத்துப் பாப்பம் என்று சொல்லியனுப்பினார்.

போய் எடுத்தேன். ஒட்டு இல்லை. அந்த இடம் முழுவதும் கடல்நீலச் சோக்கு. தொட்டேன், விரலில் பிடித்தது. கடைசி வாங்கில் றோஸ்மேரி. அவள் நகங்களிலும் நீலம். நீங்கள் சொல்லித்தானே போட்டனான், இப்ப எடுத்துப்போட்டன், இனி அந்தப் பலகை வேற ஆருடையதோதானே மாஸ்ரர் என்றாள்.

கோயில்வரை நடந்தேன். படத்தை அப்படியே கொடுத்திருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். றோசம்மா சோறு போட்டு மூடி வைத்துக்கொண்டே இருந்திருப்பாள். உன் சின்னம்மாவின் அயலில் அன்னப்பிள்ளை கடலில் போன புருசனைப் பார்த்திருந்து அப்படித்தான் கிழவியானாள். எது இரக்கம் என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. சுவாமியின் மேசையில் படத்தை விரித்து, நீலத்தின் மேல் கரிக்கட்டியால் அந்தத் தகரத்தை மறுபடி கீறினேன். மடிந்த மூலை. ஆணிகள். அதுவரை பலகையை நான் பார்த்திருக்கவில்லை. பிறகுதான் சாக்கை விலக்கினார்கள். பக்கத்தில் வைத்தோம். சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். சற்று நேரத்தில் துக்கமணி அடித்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் றோசம்மாவின் வீட்டில் ஒரு சட்டி விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

றோஸ்மேரி நேற்றுப் பள்ளிக்கு வந்தாள், தலையில் கறுத்த றிபன். என்னிடம் வரவில்லை. றஹீமா ரீச்சரிடம் போய், பலகை மிதந்துதானே வந்தது ரீச்சர், வாளியில நாங்களும் பாத்தனாங்கள், அப்ப அதைப் பிடிச்சுக்கொண்டிருந்த அப்பா எங்கை என்று கேட்டிருக்கிறாள். றஹீமா ரீச்சர் என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து அழுதார். பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உன் படத்துக்குத் தாள் எடுக்கிறேன். கடல் வருகிறது, மணல் வருகிறது, வள்ளம் வரும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. வள்ளமில்லாத கரை போதுமென்றால் எழுது.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. பஸ்ரியனின் ஆத்துமத்துக்காக ஒரு செபமாலை சொல். றோசம்மாவுக்கு இரண்டு வரி எழுது, மறக்காதே, ஆனால் படத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. அம்மா உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போடச் சொல்கிறாள், இங்கிருந்தே போடுகிறேன்.

உன் அப்பா,
சீ. பேதுரு