எல்லோருக்கும் உகந்த நாள்

கே.ஜி.கண்டிகை,
2.3.2025

அன்புத் தங்கை பிரேமாவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். நம் மருத்துவமனைக் கமிட்டி நேற்று நான்கு மணி நேரம் கூடி, திருத்தணி வட்டாரத்தின் நலவாழ்வில் மறக்க முடியாத ஒரு முடிவை எட்டியது: ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது லெந்து நாட்களில் ரிப்பன் வெட்டுவதில்லை. செயலாளர் என்ற முறையில் முன்மொழிந்தவன் நானே. நிலம் கொடுத்த சுந்தரமூர்த்தி குடும்பத்தார் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

கட்டடம் முடிந்துவிட்டது. நாற்பது படுக்கை, ஆபரேஷன் அறை, இரண்டு டயாலிசிஸ் மிஷின், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. நம் பெபி அக்கா வாரம் இரண்டு நாள் வேலூர் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் நீ வந்து டயாலிசிஸ் பிரிவை ஏற்றுக்கொண்டால் அந்த அலைச்சல் தீரும்.

உன் அண்ணன்,
எலியாஸ்

மஸ்கட்,
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே டயாலிசிஸ் நர்ஸ் வேலையில் என் ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் அங்கே ஆஸ்பத்திரி திறந்தால் வந்துவிடுவேன். இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ரிப்பன் வெட்டாமல் கதவைத் தள்ளினால் அது திறக்காதா?

அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்த மிஷினு எந்த மதம்னு அண்ணனைக் கேட்டுச் சொல்லுடி, நானும் மாறிடறேன்" என்று சிரித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு பேசினாள்.

பிரேமா

கே.ஜி.கண்டிகை,
11.5.2025

அன்பு பிரேமா,

ஈஸ்டருக்குப் பின் பேராயர் ஊரில் இல்லை. அவர் வந்தபோது கத்திரி வெயில் பிறந்துவிட்டது. சுந்தரமூர்த்தி எழுந்து, "செக்ரட்டரி சார், உங்களுக்கோசரம் நாப்பது நாள் நாங்க வாயைத் தொறக்கல. கத்திரில பால் காய்ச்சினா கட்டடம் விளங்குமாங்க?" என்றார். நியாயம்தானே. வைகாசியில் மிச்சமிருக்கும் ஒரே முகூர்த்தம் ஜூன் 8 காலை. அன்று பெந்தெகொஸ்தே திருநாள் ஞாயிறு; பேராயர் ஆலய ஆராதனையை விட்டு வர முடியாது. ஆனியில் சுந்தரமூர்த்தி குடும்பத்தார் புதுக் கட்டடத்துக்குள் நுழைய மாட்டார்கள். ஆடியில் காவடிக் கூட்டத்தைத் தாண்டி ஆம்புலன்ஸே வராது. விழா ஆவணிக்குத் தள்ளிப்போகிறது; யாரும் யார் மனத்தையும் புண்படுத்தவில்லை என்று மினிட்ஸில் எழுதினேன்.

விழாவுக்கு முன் மிஷினை மட்டும் ஓட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "மொத பேஷண்டு செக்ரட்டரி வூட்டு ஆளாங்க?" என்றார் ஒருவர். உட்கார்ந்துவிட்டேன்.

எலியாஸ்

மஸ்கட்,
28.6.2025

அண்ணா,

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. கோபப்படவும் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருக்கிறது. அக்காவிடம் நானே சொன்னேன். "ஆங், சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

பிரேமா

கே.ஜி.கண்டிகை,
31.8.2025

அன்பு பிரேமா,

வெள்ளிக்கிழமை திறப்பு விழா சிறப்பாக நடந்தது. ஜெபமும் உண்டு, பூசணிக்காயும் உண்டு. பேராயரும் சுந்தரமூர்த்தியும் ரிப்பனை ஆளுக்கொரு முனையில் வெட்டியதால் நடுத்துண்டு தரையில் விழுந்தது. அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். முதல் நாளே எழுபது பேர் சீட்டு வாங்கினார்கள்.

டயாலிசிஸ் நர்ஸ் வேண்டும் என்று இரண்டு முறை விளம்பரம் கொடுத்தோம். யாரும் விண்ணப்பிக்கவில்லை. அறையைப் பூட்டியிருக்கிறோம். அக்கா செவ்வாய்க்கிழமை வேலூரில் ஓர் அறைக்குக் குடிபோகிறாள்.

எலியாஸ்