கழுவாத தொட்டிக்கு ஒரு கையெழுத்து

மணி நான்கு இருபது.

அப்பா, சோறு மூடி வைத்திருக்கிறேன். தம்பி அடுத்த வீட்டு அத்தையிடம் இருக்கிறான். வந்ததும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாணவர் பத்திரிகைப் போட்டிக்கு ஆறு மணிவரை நேரம். நூலகத்திலிருந்து கட்டுரையை அனுப்புகிறேன். பள்ளித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியதுதான். "ஊர்ல வேற விஷயமே கிடைக்கலையா உனக்கு?" என்று நேற்றுக் கத்தினீர்கள். கிடைத்தது. இதுதான் எல்லாரும் குடிக்கிற தண்ணீர்.

பள்ளி ஊழியரான நீங்கள் தொட்டி கழுவியதாகப் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்கும் தேதியில், காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தீர்கள். மாத்திரை கொடுத்தவள் நான். அதையும் எழுதியிருக்கிறேன். நான் உங்கள் மகள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் பதிலுக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். ஐந்தரைக்குள் போனில் சொல்லுங்கள். ஓர் எழுத்துக்கூட மாற்றமாட்டேன். பரிசு கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாதீர்கள்.

இன்னொன்று. நேற்று நான் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டீர்கள். முழுதாகக் கேட்கிறேன்:

"நீங்களா போட்டிருக்க மாட்டீங்க. போடச் சொன்னது யாருப்பா?"