ஈரல் சொன்ன கோள்

ஜூன் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம். உன் கடிதத்தில் இரண்டு சந்திப்பிழைகள். அவசரமாக எழுதாதே.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் மறுபடி கூட்டியிருக்கிறார். மீசை முளைத்த மறுநாளே ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டவர் போலிருக்கிறது. "பாட்டி, மாத்திரை போட மறந்துடுறீங்களா?" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார். "எனக்குக் காதும் கேட்கும், மறதியும் கிடையாது" என்றேன். கான்வென்ட் விடுதியில் மணிச் சத்தத்துக்கு எழுந்து, உண்டு வளர்ந்தவள் நான். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை.

மற்றபடி வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

ஜூன் 15

அன்புள்ள அம்மா,

டாக்டரிடம் பேசினேன். எவ்வளவு கூட்டினாலும் மருந்து உங்கள் ரத்தத்தில் நிற்கவில்லையாம். ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டால்? எழுதவே கை வரவில்லை. "மறதிதான், இனிமே தனியா விடக் கூடாது" என்கிறார் அண்ணா. முதியோர் இல்லத்தில் அறைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

மருந்துக்கடையில் நிற்பவள் நான், எனக்கு வேறு சந்தேகம். மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள நொதிகள். சில பொருள்கள் உள்ளே போனால் ஈரல் அந்த நொதிகளை இன்னும் அதிகமாகச் செய்யத் தொடங்கிவிடும். அப்புறம் மாத்திரை வேலை செய்வதற்குள் காலி. மூலிகையோ கஷாயமோ, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அப்படியிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈரல் பழைய நிலைக்குத் திரும்பியதும், கூட்டிய மாத்திரை ரத்தத்தில் மிஞ்சி உள்ளே ரத்தம் கசியும். சொல்லுங்கம்மா, ப்ளீஸ்.

சுண்டெலி

ஜூன் 22

அன்புள்ள சுண்டெலிக்கு,

வேறெதுவும் சாப்பிடவில்லை. மறதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்று உன் அண்ணனைக் கேட்டு எழுது.

அம்மா

ஜூன் 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

போன கடிதம் பொய்.

நேற்று உன் அண்ணன் வந்தான். சமையலறை டப்பாக்களில் பெரிய எழுத்தில் 'உப்பு', 'சக்கரை' என்று எழுதி ஒட்டினான். மறதிக்காரி என்ற பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம். 'ர்' இல்லாத 'சக்கரை'யைப் பொறுக்க முடியவில்லை.

மார்ச்சிலிருந்து ஒரு மூலிகை மாத்திரை சாப்பிடுகிறேன். ஏதோ மஞ்சள் பூவாம், டாக்டர் சீட்டு கேட்காமல் தருகிறார்கள். டப்பாவில் 'மனச்சோர்வுக்கு' என்றிருந்ததால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். இந்த வீட்டுக்கு வந்து அதை யார் படிக்கப்போகிறார்கள் என்பது பிறகுதான் தோன்றியது. உன் அப்பா போனபின், சாயங்காலங்களில் ரேடியோவில் வானிலை சொல்பவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அதற்காகத்தான். என் ஈரலே என்மேல் கோள் சொல்லும் என்று நினைக்கவில்லை.

இன்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே, பாட்டி" என்றார், இந்த முறை மெதுவாக. அடிக்கடி ரத்தம் பார்த்து, மூலிகை, ரத்த மாத்திரை இரண்டையும் சிறிது சிறிதாகக் குறைப்பாராம். மூலிகை நின்றதும் அந்தச் சாயங்காலங்கள் திரும்ப வரும். அதற்கு வேறு மருந்து பார்க்கலாம், அதுவரை யாராவது கூட இருந்தால் நல்லது என்கிறார்.

நீ வருகிறாயா? லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். பரவாயில்லை என்பது உண்மையில்லை.

அம்மா