எலுமிச்சைக்கும் முள்முருங்கைக்கும் நடுவே மூன்றடி

ஓகிமி,
ஜூலை 9

அன்புள்ள சதோமிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதாவது ஒருவரை ஒருவர் இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறோம். சப்போரோவில் நீயும் உன் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள்? ஜூனிலும் அங்கே போர்வை வேண்டியிருக்கிறது என்று போன மாதம் சொன்னாய், இங்கே வாசலில் வைத்த தண்ணீரில் முட்டை வேகிறது. அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று, இரண்டு கண்ணும் இப்போது பளிச்சென்று தெரிகிறது, அதனால் எனக்குத்தான் கஷ்டம், வீட்டில் எங்கே தூசி இருக்கிறது என்று எழுபத்திரண்டு வயதில் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஃபோனில் சொல்ல முடியாத ஒரு சங்கதி இருக்கிறது, பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல நடிக்கிறார், அதனால்தான் கடிதம்.

போன அக்டோபர் புயலில் தெற்கு மூலைப் பப்பாளி விழுந்தது உனக்குத் தெரியும். நம் தோட்டத்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான். அங்கே ஒரு சிக்குவாசா எலுமிச்சை வைக்கலாம் என்று நான் சொன்னேன். ஊரில் நாய் வளர்க்காத வீடு உண்டு, சிக்குவாசா இல்லாத வீடு நம்முடையது ஒன்றுதான். உனக்கு வருஷா வருஷம் நான் அனுப்பும் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய், எல்லாம் உன் தோமிகோ அத்தை வீட்டு மரம். பறிக்கப் போகும்போதெல்லாம் அவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கிகுயே, உன் பொண்ணு அங்க எலுமிச்சம்பழத்தைத் தின்னுதான் உசிரோட இருக்காளா?" என்று கேட்பார்கள். நாத்தனார் பிடிக்கிற ஏணியில் நின்று பழம் பறிப்பது எப்படிப்பட்ட சுகம் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நமக்கென்று ஒரு மரம் இருந்தால் ஆகஸ்டில் பச்சைக் காயாகப் பறித்து மீன்மேல் பிழியலாம், ஜனவரிக் குளிரில் பழுத்து மஞ்சளானதும் உரித்தே தின்னலாம் என்று நியாயமாகத்தான் சொன்னேன். உன் அப்பா கேட்டுவிட்டு, அந்த இடத்தில் முள்முருங்கை வைக்கப்போவதாகச் சொன்னார்.

முள்முருங்கையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் பள்ளிக்கூடச் சுவரைப் பிளந்த மரம்தானே. பூ செக்கச்செவேல் என்று நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரம் பூத்துவிட்டு மிச்ச வருஷமெல்லாம் குப்பை கொட்டும், வேர் வீட்டுக்குள் வந்து நம்மோடு படுத்துக்கொள்ளும், உடம்பெல்லாம் முள், போதாததற்கு அந்தக் கொசுவளவு குளவி வந்து முட்டையிட்டால் இலையெல்லாம் கொப்புளம் கட்டும், ஆளைக் கூப்பிட்டு மரத்துக்கு ஊசி போட வேண்டும். அது நிறையப் பூத்த வருஷம் புயலும் நிறைய வரும் என்று ஊரே சொல்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அதற்கு அவர், எலுமிச்சையிலும் முள் இருக்கிறதே, புளிப்பும் இருக்கிறதே, இந்த வீட்டில் அந்த இரண்டும் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறது என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு பொரியலில் அவர் தட்டில் பாகற்காய் மட்டும்தான் விழுந்தது, முட்டையையும் பன்றி இறைச்சியையும் நான் பொறுக்கிக்கொண்டேன்.

மார்ச் மாதம் அவர் தன் கூட்டாளிகளோடு கேட்பால் பந்தாடுகிற மைதானத்து முள்முருங்கையில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து என்னைக் கேட்காமல் நட்டார். மறுநாளே நான் நாகோவுக்கு பஸ் ஏறிப் போய் ஒட்டுக்கன்று வாங்கிவந்து அதற்கு மூன்றடி தள்ளி நட்டேன். அதற்கப்புறம் நடந்த கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு என் கன்றுப் பக்கம் வராது, அவ்வளவு கவனம், நாற்பது வருஷம் அந்தக் கவனத்தோடு என் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் சளைக்கவில்லை, அரிசி கழுவின தண்ணீரெல்லாம் எலுமிச்சைக்குத்தான். ஆனால் பார், முள்முருங்கைக்கு ஒரு மரியாதையும் தெரியாது, வெறும் கம்பு, மே மாதத்துக்குள் ஆளுயரத்துக்குத் துளிர்த்துவிட்டது. என் கன்றில் இருந்த ஒன்பது இலையை ஒரு பச்சைப் புழு தின்றுகொண்டிருந்தது.

ஜூன் மாதம் கண் ஆபரேஷனுக்கு அவர் நாகோ ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். மூன்றாம் நாள் காலை அரிவாளை எடுத்துப் போய் அந்த முள்முருங்கையை நான் அடியோடு வெட்டிவிட்டேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். கோபத்தில் வெட்டவில்லை, நன்றாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, நிதானமாகத்தான் வெட்டினேன். ஒரு கண்ணில் மூடி போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து கட்டையைத் தடவிப் பார்த்தபோது, குளவி விழுந்து பட்டுப்போச்சுங்க என்றேன். அவர் இரவு முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, குளவிக்கு மருந்து வைக்கிற ஆளை வரச் சொன்னார்.

வந்தவன் ஒனாகா என்று ஒரு பையன், நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். குனிந்து கட்டையைப் பார்த்தான், வெட்டு வழவழவென்று சாய்வாக இருந்தது, அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். "ஐயா, இது குளவி இல்லீங்க. வேற என்னன்னு கேக்காதீங்க, எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு" என்றான். அதோடு விட்டிருக்கலாம், சமாதானம் பண்ணுவதாக நினைத்து, பேசாமல் அந்த எலுமிச்சையே இருக்கட்டும், வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் எல்லாம் பழத்தைப் பெட்டியில் அனுப்புகிறார்கள் என்றான். நான் தேநீரோடு அவர் பின்னால்தான் நின்றேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவனிடம் சொன்னார், "நாலு வருஷமா பெட்டிதான் போகுது தம்பி. பழம் இருந்தா இவ அனுப்பிக்கிட்டே இருப்பா, பொண்ணும் வாங்கிக்கிட்டே இருப்பா. பூவை அனுப்ப முடியாது. பாக்கணும்னா வந்துதான் ஆகணும்."

தேநீரை நானே குடித்தேன். நீ விவாகரத்து வாங்கின வருஷம் இந்த மனுஷன் என்ன பேசினார் என்பது எனக்கு மறக்கவில்லை. இனிமேல் மைதானத்தில் எப்படி முகம் காட்டுவேன் என்று உன்னிடமே ஃபோனில் கேட்டார், நீ வைத்துவிட்டாய், அதற்கப்புறம் வரவே இல்லை. முகம் காட்ட முடியாத ஆள் மறுநாள் காலையிலிருந்து ஒரு நாள் தவறாமல் மைதானத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தப்பு என்று வாயால் சொல்ல வராமல், அதற்கு ஒரு மரம் வளர்த்து, அது பூத்து, அந்தப் பூவைப் பார்க்க நீ விமானம் ஏறி வர வேண்டுமாம். இப்படி ஒரு மூளையை எந்தக் கடையில் வாங்கினாரோ. நீ மட்டும் என்ன, அவர் தாடையும் அவர் பிடிவாதமும் அப்படியே உனக்கு வந்திருக்கிறது, என்னிடமிருந்து உனக்கு வந்தது இந்தச் சுருட்டை முடி மட்டும்தான்.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போய், காவல்காரரிடம் கேட்டு ஒரு கிளை வெட்டி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஐந்தடிக் கம்பு, உன் பழைய நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், முள் குத்தி முழங்கையில் கிழிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் அதே குழியைத் தோண்டி நட்டு, சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினேன். அப்பா வெளியே வந்து இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து பார்த்தார். நன்றி சொல்வார், இல்லையென்றால் ஏன் வெட்டினாய் என்றாவது கேட்பார் என்று நின்றேன். "தலைகீழா நட்டிருக்கே" என்றார். பிடுங்கித் திருப்பி நட்டார். முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன், அவர் சொன்னது சரிதான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் வாளித் தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டு, மீதியை என் எலுமிச்சைக்கு ஊற்றினார். புழுவையும் எடுத்துப் போட்டார். இரண்டும் பெரிதானால் மூன்றடி இடத்தில் வேருக்கு வேர் முட்டிக்கொள்ளும், முட்டிக்கொள்ளட்டும், அதை நட்டவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு.

இனி உனக்கு. இந்த வருஷம் பெட்டி வராது. உன் அத்தையிடம் சொல்லியாயிற்று, ஏணிக்கும் ஓய்வு. முள்முருங்கை பூக்க மூன்று வருஷமாவது ஆகும் என்று உன் அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், அதுவரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பதாக எண்ணம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இப்போது அங்கே ஒரு கம்புதான் நிற்கிறது, உச்சியில் இரண்டு துளிர் விட்டிருக்கிறது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிடுகிற மூன்று நாளுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போ. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே, நீ செருப்பைக் கழற்றுவதற்குள் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. நம் முன்னோர் எல்லாரும் உனக்குத் துணை இருப்பார்கள், நூறு வயது நன்றாக இரு. ஒன்று மறக்காதே, நீ வரும்போது அந்த மரத்தை வெட்டியது நான்தான் என்று அப்பாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாதே.

உன் அம்மா,
கிகுயே