கொல்லைப்புறம் இல்லாத வண்டி

அப்பா,

இன்று காலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கேரவன் வந்து எனக்கு முன்னால் நின்றது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் தென்னை மரம் வரைந்திருந்தது. கோயிலுக்கு வந்த யாரோ வெளியூர்க் குடும்பம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அந்த வாடை அடித்தது. புது ரெக்ஸின், கழிப்பறைக்கு ஊற்றும் லோஷன், அதற்கு மேலே யாரோ தாளித்த கடுகு. பூக்கடைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். பூக்காரம்மா வாய் கொப்பளிக்க வெள்ளம் கொடுத்துவிட்டு, "விசேஷமாணோ மோளே?" என்று சிரிக்கிறாள். விசேஷமாம்! கல்யாணமே ஆகாதவளிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதமாகிறது. அடுத்த மாதம் ஆப்திகம், முதல் வருஷத் திதி. அதைச் செய்துவைக்கிற வாத்தியார் வந்து சாமான் லிஸ்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களிலிருந்து வாத்தியார் வரை அம்மாவிடம் ஒரே பாட்டுதான். "கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும், கேட்டேளா மாமி." கேட்டோம், கேட்டோம், காது புளித்துவிட்டது. அம்மாவின் இடது மணிக்கட்டு இன்றும் நேராக நிற்காது. அது கோபத்தால் வளைந்ததா குணத்தால் வளைந்ததா என்று அவர்களில் ஒருத்தராவது கேட்கட்டுமே.

ஸ்ரீவராகத்திலும் கோட்டைக்குள்ளேயும் சிராத்தச் சமையல் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கைமணம் ஒரு காரணம், மடி ஆசாரம் இன்னொரு காரணம். ஈர வேஷ்டியோடு அடுப்படியில் நின்றால் யாரும் அந்தப் பக்கம் மூச்சு விடக்கூடாது. ஒரு கல்யாணச் சமையலில், பாயசத்துக்குள் ஈர அகப்பையை விட்ட ஒரு பையனின் முதுகில் நீங்கள் கொதிக்கிற ரசத்தை வீசியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் அலறினான். கல்யாண வீட்டுக்காரர்கள் நாதஸ்வரக்காரரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அன்றைக்குப் பாயசம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வீட்டிலும் அதே சட்டம்தான். மாதத்தில் மூன்று நாள் அம்மாவுக்கும் எனக்கும் கொல்லை ரூம். ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. நான் எம்.எஸ்ஸி. படித்து, ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன நாட்களில்கூட லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த ரூமில்தான் உட்கார்ந்திருந்தேன். வீடியோ மீட்டிங்கில் பின்னால் கிழிந்த தேங்காய்ச் சாக்கு தெரியும். "ராஜி, நீங்க எங்கே இருக்கீங்க?" என்று கேட்பார்கள். கோடவுனில் என்பேன்.

நாம் எங்குமே போனதில்லை. ஓட்டலில் சாப்பிடமாட்டீர்கள், லாட்ஜ் பாத்திரத்தைத் தொடமாட்டீர்கள், பிறகு எங்கே போவது? அம்மா பக்கத்திலிருக்கிற பொன்முடி மலையைக்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு! அப்போதுதான் எனக்கு அந்த மகா புத்தி தோன்றியது. கேரவன். அதில் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, நம் பாத்திரத்தையே கொண்டுபோகலாம். போனில் வண்டியை வாடகைக்கு விடுகிற கம்பெனிக்காரனிடம் அடுக்களையைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டேன். முன்னால் யாராவது அதில் மீன் வறுத்தார்களா என்றுகூட விசாரித்தேன். கொல்லைப்புறம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவளுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது.

தீபாவளி லீவில் கிளம்பினோம். டிரைவர் ஷிபு வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியதும் நீங்கள் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். உள்ளே ஏறி, கழிப்பறை அடுப்புக்கு ஒரு சுவர் தள்ளி இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். "இதென்னடி அக்கிரமம்! சமைக்கற எடத்துக்குப் பக்கத்துலயா?" அதை யாரும் உபயோகிக்கக் கூடாது என்று சொல்லி, கதவில் உங்கள் அங்கவஸ்திரத்தைக் குறுக்கே கட்டினீர்கள். சிங்குக்கு மேலே குருவாயூரப்பன் படத்தை ஒட்டினீர்கள். நீளப் பிடி போட்ட உங்கள் பித்தளைக் கரண்டி அடுப்புக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கியது. அதில்லாமல் நீங்கள் ஊருக்குப் போவீர்களா?

ஒன்று சொல்ல வேண்டும். நெடுமங்காடு தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் நீங்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினீர்கள். குடுமி அவிழ்ந்து பறந்தது. "டீ, இங்க பாரு, மேகம் கீழ இருக்கு!" என்று அம்மாவின் தோளைத் தட்டினீர்கள். அடிக்காமல் நீங்கள் அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் ஏன் இதைச் செய்யாமல் விட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

விதுரா தாண்டி, தோட்டத்தை ஒட்டிய ஒரு மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம் தூறல் ஆரம்பித்தது. ஆனை இறங்குகிற இடம், இருட்டுவதற்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷிபு வளைவில் இருந்த சாயாக்கடைக்குப் போனான். நீங்கள் பூசணிக்காய்த் தோலைப் போட சிங்குக்கு அடியில் இருந்த குப்பைத் தொட்டியைத் திறந்தீர்கள். மேலாக ஒரு நாப்கின் உறை கிடந்தது.

"யாரு?" என்றீர்கள்.

எனக்கு அந்த மாதத்து மூன்று நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நின்று ஒரு வருஷம் ஆனதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே இருந்தாள், காம்பையும் இலையையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து அவள் கைபட்ட சாதம்தான் உங்கள் வயிற்றில் இருக்கிறது. தெரிந்தால் அவளைக் கொன்றே போடுவீர்கள்.

"நான்தாம்பா" என்றேன்.

"காலம்பறலேர்ந்து எல்லாத்தையும் தொட்டுண்டு... எறங்குடி கீழே."

"எங்கே எறங்கறது? மழை பெய்யறது. இங்க கொல்லை ரூம் இருக்கா?"

"வெளியில உக்காரு. மூணு நாளும் வெளியில."

"நான் எடுத்த வண்டிப்பா இது" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொன்னேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

உங்கள் கை கொக்கிக்குப் போனது. தீட்டுக்காரியைத் தொடக்கூடாது, பாருங்கள். தொடாமல் அடிக்க உங்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கரண்டியின் பிடி முதலில் என் இடுப்பில் இறங்கியது, அடுத்தது காதில். உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. ஓடுவதற்கு அங்கே என்ன இடம், நாலு எட்டு வைத்தால் வண்டி முடிந்துவிடும். தெருநாயை விரட்டுகிற மாதிரி கரண்டியால் நெஞ்சில் குத்திக் குத்திக் கதவுவரை தள்ளினீர்கள். படியில் கால் வழுக்கி நான் சேற்றில் முகங்குப்புற விழுந்தேன். நீங்களும் இறங்கி வந்தீர்கள். முதுகில் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை. வாய்க்குள் மண்ணும் ரத்தமும் சேர்ந்திருந்தது. மழைச் சத்தத்தில் உங்கள் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"ஏன்னா, அவளை விடுங்கோ. அவ இல்லை. நான்."

அம்மா வண்டிப் படியில் நின்றாள். பால்காரனிடம் இன்றைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல் அது.

"நோக்குதான் நின்னு போச்சே?"

"நின்னுடுத்துன்னுதான் நெனச்சேன். காலம்பற வண்டி ஏறினதும் வந்துடுத்து. ராஜி பையிலேர்ந்து எடுத்துண்டேன். மத்தியானம் நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டேளே எலுமிச்சை சாதம், அது நான் பிசைஞ்சதாக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இது மொதல் தடவையும் இல்லை. இவ கைக்குழந்தையா இருக்கச்சே, கொல்லை ரூம் ஒழுகறச்சே, எத்தனையோ தரம் உங்ககிட்டச் சொல்லாம அடுக்களையில நின்னிருக்கேன். நீங்க சாப்ட்டுட்டுச் சிராத்தத்துக்கும் போயிருக்கேள். ஒரு பித்ருவும் வந்து கேக்கலையே."

படியேறிப் போய்க் கரண்டியை அம்மாவின் நெற்றியில் இறக்கினீர்கள். தேங்காய் உடைகிற சத்தம். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள், கண் தெரியாமல் ரத்தம் வழிந்தது. நீங்கள் மறுபடியும் ஓங்கினீர்கள்.

நான் பின்னாலிருந்து உங்கள் வேஷ்டியைப் பிடித்து இழுத்தேன். ஈரப் படி. மல்லாக்க விழுந்தீர்கள், கரண்டி எகிறி என் பக்கம் வந்தது. எடுத்தேன். முதல் அடி விலாவில். நீங்கள் புரண்டு எழப் பார்த்தீர்கள், இரண்டாவது தோளில். அதோடு நீங்கள் அடங்கிவிட்டீர்கள். வலது கை சேற்றில் விரிந்து கிடந்தது. மூன்றாவது அடி அந்தக் கையில் விழுந்தது. விரலெலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஷிபு சாயாக்கடையிலிருந்து ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினான். "அய்யோ சேச்சி, மதி! மதி!" போதும், போதும் என்று கெஞ்சினான். அம்மா முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு என்னை உள்ளே ஏற்றினாள். "ஷிபு, வண்டியை எடு" என்றாள்.

"சார்?"

"எடுன்னு சொன்னேன்."

எடுத்தான். நீங்கள் சேற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது பின் கண்ணாடியில் தெரிந்தது. முதல் வளைவு வந்தது. இரண்டாவது வந்தது. அம்மா, "திருப்பு" என்றாள். "ஆனை என்ன பாவம் பண்ணித்து?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சிரித்தேன். திரும்பிப் போய் உங்களை ஏற்றிக்கொண்டோம். அம்மாதான் உங்கள் கையைத் தன் மடியில் வைத்துத் துணியால் சுற்றினாள். அவள் தொட்டும் நீங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விதுரா ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள்தான் மலையாளத்தில் பதில் சொன்னீர்கள். மழையில் வழுக்கி விழுந்ததாக, பிடிக்கப் போன இவர்களும் விழுந்ததாக. பிறகு ஸ்ரீவராகத்தில் எல்லாரிடமும் அதையேதான் சொன்னீர்கள். சாகிறவரை மாற்றவில்லை. அது என்னைக் காப்பாற்றத்தானா, மகள் கையால் அடிபட்ட வெட்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் விரல்கள் மடங்கவே இல்லை. கரண்டி பிடிக்க முடியாத சமையல்காரரை யார் கூப்பிடுவார்கள்? கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள். அம்மா மாதம் முப்பது நாளும் சமைத்தாள், ஸ்பூனால் ஊட்டினாள். கொல்லை ரூமில் பழைய பேப்பரை அடுக்கினாள். நீங்கள் பார்த்தீர்கள், கேட்கவில்லை. ஊட்டியதைச் சாப்பிட்டீர்கள். கையும் ஓங்கவில்லை. ஓங்க ஏது கை?

கடைசியாக நீங்கள் என்னிடம் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ராஜி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு மொத ரெண்டு அடி நேக்குப் புரியறது. மூணாவது எதுக்கு? நான் கீழதானே கெடந்தேன்?"

"தெரியலைப்பா" என்றேன்.

"சரி" என்று அடுத்த விரலைக் காட்டினீர்கள். அந்த வாரமே மாரடைப்பு.

தெரியும், அப்பா. அன்றைக்குப் பொய் சொன்னேன். முதல் இரண்டும் அம்மாவுக்காக. மூன்றாவதை ஓங்கும்போது நீங்கள் இனி எழமாட்டீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கை என்று பார்த்துத்தான் அடித்தேன். சுகமாக இருந்தது. ஷிபு வரவில்லையென்றால் நாலாவதும் அடித்திருப்பேன். இத்தனை வருஷம் உங்களால் ஏன் நிறுத்த முடியவில்லை என்பது அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்காக உங்களை மன்னித்தேன் என்று நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை.

போன வாரம் ஆபீசிலிருந்து எரிச்சலோடு வந்தேன். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமியோடு பேசப் போயிருக்கிறாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். ஓடிவந்தவளிடம் கத்திக்கொண்டே திரும்பினேன். என் கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. அடிக்கவில்லை, அப்பா, சத்தியமாக அடிக்கவில்லை.

ஆனால் அம்மா அதற்குள் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டுவிட்டாள். என்னைப் பார்த்து.